சிவப்புச் சிலுவைக் கிடா

எங்க வீட்டுக்கும் எங்க அண்ணன் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு ஓடைதான். வெயில் காலத்துல ஒரு எட்டு வெச்சா தாண்டிடலாம். அந்தக் கரை இங்கிலாந்து, இந்தக் கரை வேல்ஸ். அந்தக் கரையில பொறந்து இந்தக் கரையில வாக்கப்பட்டவ நான். ரெண்டு கரைக்காரனுங்களும் ஒருத்தனை ஒருத்தன் வம்புக்கு இழுக்குறதைக் கேட்டுக் கேட்டே என் வயசுல பாதி போச்சு. "வாயை மூடிட்டுச் சாப்பிடுங்கய்யா ரெண்டு பேரும்"னு எத்தனை ஞாயித்துக்கிழமை கத்தியிருக்கேன்! எந்த நேரத்துல அந்தச் சொல்லு என் வாயில வந்துச்சோ தெரியல, பலிச்சிருச்சு.

எங்க அண்ணன் பேரு ரோலண்ட். ஆள் ஆறடிக்கு மேல, கழுத்துன்னு ஒண்ணு கிடையாது, தலை நேரா தோள்ல உக்காந்திருக்கும். என் வீட்டுக்காரர் எல்வின் ப்ரோபர்ட். ஒல்லி, குள்ளம், வாய் மட்டும் ரோலண்ட் உசரம். ரெண்டு பேரும் ஆட்டுக்காரங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரோலண்ட் எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவான். பொண்டாட்டி இல்லாதவன், வேற எங்க போவான்? செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சிருவான்.

"மாப்ளே, உங்க நாட்டுல வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு மழைதானாமே, நெசமா?"

"என்ன மச்சான் சொல்ற?"

"ஒண்ணு ஜனவரியில ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும். இன்னொண்ணு ஜூலையில ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும்."

"அந்த மழையை அணை கட்டிப் புடிச்சு, பைப்புல கொண்டு போய்க் குடிக்கிறவன் எவன்? எங்க பள்ளத்தாக்குல கோயிலு, பள்ளிக்கூடம், கல்லறை எல்லாத்தையும் முழுக்கிட்டு எடுத்துட்டுப் போனீங்களே, உங்க ஊர்ல டீ நல்லா இருக்கா மச்சான்? எங்க தாத்தன் வாசம் வருதா?"

"அதான் பார்த்தேன், டீ ஏன் இவ்வளவு சவசவன்னு இருக்குன்னு."

மழைன்னு எவன் பேச்செடுத்தாலும் என் வீட்டுக்காரருக்குப் பதில் ரெடியா இருக்கும். ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்ல மாட்டார். ரோலண்டும் விட மாட்டான். "உங்க நாட்டுல ஆளை விட ஆடுதான் ஜாஸ்தி. தேர்தல்ல ஆட்டுக்கு ஓட்டுப் போடுற உரிமை குடுத்தா ஆடுதான் ஜெயிக்கும்"பான். "இப்ப லண்டன்ல உக்காந்திருக்கிறது மட்டும் என்னவாம்?"னு இவர் கேப்பார். எங்க பக்கத்துல வெல்ஷ் மொழி பேசுற சனம் எப்பவோ போயாச்சு. எல்வினுக்கும் திட்டுறதுக்கு நாலு வார்த்தை, நாயைக் கூப்பிட ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். அதையும் ரோலண்ட் விட மாட்டான்.

"தேசிய கீதம் பாடும்போது முதல் வரியைத் தாண்டினா வாயை மட்டும் மீன் மாதிரி அசைக்கிற. அதுக்கு கண்ணுல தண்ணி வேற."

"அழுறதுக்கு எதுக்கு மச்சான் மொழி? ஜெயிக்கத் தெரியாதவன் அழுவான். ஜெயிச்சும் சந்தோஷப்படத் தெரியாதவனை என்ன சொல்றது?"

இப்படியே மாலை வரைக்கும். நான் பாத்திரம் கழுவுற சத்தத்துக்கு மேல ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேக்கும்.

கிடா சமாச்சாரம் எங்க கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சது. அன்னைக்குப் பார்த்து இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி மேட்ச். கோயிலுக்குள்ள பாதிப் பேர் பாதிரியார் சொல்றதைக் கேக்குறான், பாதிப் பேர் கோட்டுக்குள்ள ரேடியோவை வெச்சுக் கேக்குறான். இங்கிலாந்து தோத்துச்சு. விருந்துல எழுந்து நின்னு என் புது மாப்பிள்ளை சொல்றார்: "பொண்ணையும் குடுத்துட்டீங்க, மேட்சையும் குடுத்துட்டீங்க. இங்கிலீஷ்காரன் இவ்வளவு தாராளம்னு தெரியாமப் போச்சே. அப்படியே உங்க கிடாவையும் குடுத்துருங்க மச்சான்." ரோலண்டுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அப்பவே வீட்டுக்குப் போய் அவனோட பரிசு வாங்கின கிடாவை ஓட்டிக்கிட்டு வந்து விருந்து நடக்குற கூடத்துக்குள்ள விட்டுட்டான். கேக் போச்சு, என் கல்யாண உடுப்புல ஓரம் போச்சு.

அதுலேர்ந்து வருஷா வருஷம் அதுதான் வழக்கம். மேட்ச்ல தோத்தவன் தன்னோட நல்ல கிடாவை ஓடையைத் தாண்டிக் கொண்டு போய்க் குடுக்கணும். ஜெயிச்சவன் அது முதுகுல தன் நாட்டுக் கொடி அடையாளத்தைச் சாயத்துல வரைஞ்சு, பப் வாசல் வரைக்கும் ஊர்வலம் விட்டு, ஏப்ரல் மாசம் வரைக்கும் தன் பட்டியில கைதியா வெச்சுக்கலாம். இலையுதிர் காலத்தோட கிடாவுக்குப் பெட்டைங்களோட வேலை முடிஞ்சிரும், பிப்ரவரியில அது சும்மா நிக்கிற ஜீவன், அதனால எவனுக்கும் நஷ்டமில்ல. ரோலண்ட் வெள்ளை ரோமத்து மேல சிவப்புச் சிலுவை போடுவான், அது சுலபம். எல்வின் டிராகன் வரைவார். டிராகனா அது? காய்ச்சல் வந்த கோழி மாதிரி இருக்கும். ஊரே வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்.

எங்க கிடாவுக்குப் பேரு ஓவைன். இங்கிலீஷ்காரனை எதிர்த்துச் சண்டை போட்டு, கடைசி வரைக்கும் அவன் கையில அகப்படாம மறைஞ்சு போன பழைய இளவரசன் பேரு அது. தாய் செத்துப்போன குட்டி, அடுப்பு பக்கத்துல பெட்டியில போட்டு, புட்டிப்பால் குடுத்து இவரே வளர்த்தார். அந்தக் கிடா ரெண்டு தடவை ரோலண்ட் பட்டியிலேர்ந்து தாண்டி வந்திருக்கு. காலையில கதவைத் திறந்தா முதுகுல சிலுவையோட வாசல்ல நிக்கும். எல்வினுக்குப் பெருமை தாங்காது. போனைப் போட்டு, "மச்சான், உன் சிறைச்சாலையில பூட்டு இல்லையா?"ன்னு கேப்பார். மறுபடியும் ஓட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வருவார். வாக்குன்னா வாக்கு.

அது திரும்பி வர்றதுல அதிசயம் இல்ல. எங்க மலைக்கு வேலி கிடையாது. எங்களைச் சேர்த்து நிறையப் பண்ணைக்காரங்களோட ஆடு அந்த ஒரே மலையில மேயுது, ஆனா ஒருத்தர் ஆடு இன்னொருத்தர் பக்கம் போகாது. தாய் ஆடு எந்தச் சரிவுல குட்டியைக் கூட்டிக்கிட்டுப் போச்சோ அதுதான் அந்தக் குட்டிக்கு ஊரு, சாகுற வரைக்கும். எங்க தண்ணி இருக்கு, எந்தப் பாறைக்குப் பின்னால பனிக்காத்து அடிக்காது, எல்லாத்தையும் தாய்தான் காட்டும். எல்வினோட பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து அந்த மந்தை அந்தச் சரிவை விட்டு நகர்ந்ததில்ல. பண்ணையை விக்கிறவன்கூட ஆட்டை மலையோட சேர்த்துத்தான் விப்பான். ஆடு செத்தா வேற ஆடு வாங்கலாம். மலையைத் தெரிஞ்ச ஆட்டை எந்தச் சந்தையில வாங்குறது? எல்வினுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். வீடு ஒழுகும், டிராக்டர் இருமும், ஆனா அந்த மந்தை இருந்துச்சு.

அந்த வருஷம், ரெண்டாயிரத்து ஒண்ணு, வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல வெச்சே இங்கிலாந்துக்காரங்க வேல்ஸை அடிச்சுத் துவைச்சுட்டாங்க. பார்க்கவே பாவமா இருந்துச்சு. ரோலண்ட் எங்க டிவி முன்னாடியே எழுந்து நின்னு, "ஏன் மாப்ளே, உங்க ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்களா, இல்ல பாதிப் பேர் ஆடு மேய்க்கப் போயிட்டாங்களா?"ன்னு கேட்டான். மறுநாள் ஓவைன் ஓடையைத் தாண்டிப் போச்சு. அந்த வருஷம் சிலுவை அம்சமா வந்துச்சு, சாயம் நல்ல சாயம்.

அந்த மாசம் முடியுறதுக்குள்ள ஆடு மாட்டுக்குக் கோமாரி நோய் வந்துருச்சு.

எங்கேயோ தூரத்துல வந்திருக்குன்னு ரேடியோவுல சொன்னான். அப்புறம் பக்கத்து ஜில்லான்னான். ஆடு மாட்டை ஒரு அடி நகர்த்தக் கூடாதுன்னு உத்தரவு. வாசல்ல மருந்து நனைச்ச வைக்கோலைப் போட்டு, மிதிச்சுட்டுத்தான் உள்ள வரணும். யாரும் யார் பண்ணைக்கும் போகல. பப் மூடியாச்சு. கோயில்கூட மூடியாச்சு. அண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டுவான், நான் இந்தப் பக்கம் நின்னு கையாட்டுவேன். பேச்செல்லாம் போன்லதான்.

"மாப்ளே, உன் இளவரசன் இங்கிலீஷ் புல்லைத் தின்னு தொப்பை வெச்சுட்டான். இனிமே வரமாட்டானாம். ராணியைப் பார்க்கணுமாம்."

"கதவைத் திறந்து விட்டுப் பாரு மச்சான், எங்க போறான்னு."

சிரிப்பாங்க. ஆனா போனை வெச்சதும் எல்வின் ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கிட்டு நிப்பார். பெட்டை ஆடெல்லாம் சினையா இருந்துச்சு.

மார்ச் கடைசியில ரோலண்டுக்கு அடுத்த பண்ணையில கோமாரின்னு உறுதி பண்ணிட்டாங்க. நோய் வந்த பண்ணையில எல்லாத்தையும் கொல்லுவாங்க. அதை ஒட்டின பண்ணையிலயும் கொல்லுவாங்க, நோய் இருந்தாலும் இல்லாட்டாலும். ரோலண்ட் பண்ணை ஒட்டின பண்ணை. எங்க பண்ணை அதுக்கும் அடுத்தது, ஓடை வேற நடுவுல இருக்கு, எங்களுக்கு வர மாட்டாங்க. ஆனா அவன் பண்ணையோட எங்க பண்ணைக்கு ஆடு மாடு போக்குவரத்து இருந்துச்சுன்னு தெரிஞ்சா விட மாட்டாங்க. எங்க பண்ணை ஆடுன்னு தெரிய காதுல வெட்டிப் போட்ட குறியோட எங்க கிடா அவன் பட்டியில நிக்குது.

அன்னைக்கு மத்தியானம் போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன்.

"நோரா, நாளைக்கு வராங்களாம்."

"அண்ணே..."

"அழாத புள்ள. மாப்ளேகிட்ட குடு."

எல்வின் போனை வாங்கினார். நான் பக்கத்துலயே காதை வெச்சுக்கிட்டு நின்னேன்.

"மாப்ளே, ஓவைன் காதுல இருந்த உன் குறியை வெட்டிட்டேன். அதுக்கு மேல என் குறியை வெட்டியாச்சு. ரத்தம் நின்னுருச்சு, மருந்து போட்டிருக்கேன். வரப்போற மாட்டு டாக்டர் ஸ்பெயின்காரனாம், நம்ம ஊர் குறி எதுவும் அவனுக்குத் தெரியாது. என் கிடான்னு சொல்லிருவேன். இங்கிலீஷ்காரன் ஆட்டுல இங்கிலீஷ் சிலுவை, எவன் கேக்கப் போறான்? உன் மந்தை பொழைச்சிரும்."

எங்க பக்கத்துல அடுத்தவன் ஆட்டுக் காதுக்குறியை வெட்டி மாத்துறதுன்னா அது ஒரே ஒருத்தன் செய்யுற வேலைதான். ஆடு திருடுறவன்.

"முப்பது வருஷமா உன்னைத் திருடன் திருடன்னு சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். கடைசியில நெசமாவே திருடிட்டியே மச்சான்."

"எங்க பரம்பரைத் தொழிலாச்சே மாப்ளே. நாட்டையே திருடினவங்க, ஒரு கிடா பெருசா?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரோலண்ட் சிரிப்பு நடுவுல உடைஞ்சு போச்சு. ஆட்டோட சேர்த்து அவன் வளர்த்த பசு மாடுகள் ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருந்தான். அவன் போனை வெச்ச பிறகும் இவர் போனைக் காதுலயே வெச்சிருந்தார். அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அதுதான் கடைசி.

மறுநாள் காலையில வெள்ளை உடுப்புப் போட்டவங்க வந்தாங்க. சுடுற சத்தம் பெருசா இருக்கும்னு நினைச்சேன். இல்ல, ஆணி அடிக்கிற மாதிரி சின்னச் சத்தம், ஒண்ணு மேல ஒண்ணு. எல்வின் மலை அடிவாரத்துல வேலியைச் சரி பண்றேன்னு போயிட்டார், அங்க சரி பண்ண ஒண்ணும் இல்ல. நான் கோழிக்கு இரை போடலாம்னு வெளிய வந்தேன்.

ஓடையில ஓவைன் நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்துச்சு.

அங்க மந்தையை அடைக்கும்போது தட்டியைத் தாண்டியிருக்கு. முதுகுல சிலுவை பளிச்சுன்னு இருக்கு. காது ரெண்டும் நறுக்கி, கருத்துப்போய்க் கிடக்கு. என்னைப் பார்த்துட்டு, வந்துட்டேன்ங்கிற மாதிரி ஒரு கனைப்பு கனைச்சுது.

"போடா!"ன்னேன். "போ! அந்தப் பக்கம் போ! திரும்பிப் போடா சனியனே!"

கையில கிடைச்ச கல்லையெல்லாம் எடுத்து வீசினேன். என் வீட்டு அடுப்படியில கிடந்து பால் குடிச்ச ஜீவனை, சாவுக்குத் திரும்பிப் போன்னு நானே கல்லால அடிக்கிறேன். ஒரு கல் அதோட விலாவுல பட்டுச்சு. அது கொஞ்சம் ஒதுங்கி, என்னைச் சுத்திக்கிட்டு, வீட்டு ஓரமா ஏறி மலைக்குப் போயிருச்சு. அவசரமே இல்லாமப் போச்சு, தன்னோட சரிவுக்கு. பெட்டைகள் எல்லாம் சுத்தி வந்து மூக்கோட மூக்கு வெச்சு மோந்து பார்த்துச்சு. கீழே நின்ன எனக்கே அந்தச் சிலுவை தெரிஞ்சுது.

எல்வின் ஓடி வந்தார். அவரும் பார்த்துட்டார்.

"என்னங்க, யாரும் பார்க்கல. சத்தியமா யாரும் பார்க்கல. துப்பாக்கியை எடுத்துட்டுப் போங்க. சுட்டுப் புதைச்சிருங்க. அங்க எண்ணிப் பார்த்து ஒண்ணு குறைஞ்சா அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான்."

துப்பாக்கியை எடுத்துட்டுப் போனார். அவர் கூப்பிட்டதும் அது ஓடி வந்துச்சு, புட்டிப்பால் குடிச்ச ஞாபகம் அதுக்கு. அவர் பாக்கெட்டை மோந்து பார்த்துச்சு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ஒரே சத்தம். அந்தப் பக்கத்துச் சத்தத்தோட சத்தமா அது போயிருச்சு.

புதைச்சுட்டு வந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அப்பாடா, முடிஞ்சுதுன்னு நான் டீ போட்டேன். டீயைத் தொடல. நேரா போய் போனை எடுத்தார்.

"யாருக்கு?"ன்னேன்.

"கோமாரி ஆபீசுக்கு."

"உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" போனை அவர் கையிலேர்ந்து புடுங்கப் பார்த்தேன். "அவன் எதுக்குக் காதை வெட்டினான்? உங்க மந்தைக்காகத்தானே! அங்க அவன் எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு நிக்கிறான், ஒண்ணாவது மிஞ்சட்டும்னு செஞ்சான். நீங்க என்னடான்னா..."

"நோரா, மலைக்கு வேலி கிடையாது."

"அதனால?"

"ஓவைன் மேல நோய் ஒட்டியிருந்தா, இப்ப என் ஆட்டுக்கு வந்தாச்சு. நாளைக்கு பக்கத்துப் பண்ணை பெவன் ஆட்டுக்கு. அப்புறம் மேல்பண்ணை. மலை மொத்தமும் போயிரும். அத்தனை பேர் மந்தையும்."

"நோய் இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் முட்டாள். இருந்துட்டுப் போறேன்."

அவர் நம்பரைத் தப்பா அடிச்சு மறுபடி அடிக்கிறார். நான் ஏன் அந்தப் போன் ஒயரைப் பிடுங்கி எறியலைன்னு இன்னைக்கும் நினைக்கிறேன். அவர் சொன்னது சரிதான்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதான் என் கோபமே.

எங்க கரை ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க. மலையிலேர்ந்து ஆட்டை இறக்கணும்னாங்க. நாய்க்கு வேலையே இல்ல. எல்வின் அடிவாரத்துல நின்னு கூப்பிட்டார், மந்தை வரிசையா இறங்கி வந்துச்சு. பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து இறங்குற பாதை, வயித்துல குட்டியோட மெதுவா, முன்னால வயசான ஆடு, பின்னால சின்னது. வழி தெரியாத ஆடா இருந்திருந்தா ரெண்டு நாளாவது அலைய விட்டிருக்கும். இதுங்க வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து பட்டியில நின்னுச்சு. நான் உள்ள போய் ரேடியோவைச் சத்தமா வெச்சேன். என்ன பாட்டு ஓடுச்சுன்னு கேட்டா தெரியாது. இவர் மட்டும் கடைசி ஆடு வரைக்கும் பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணையும் புடிச்சுக் குடுத்தார். அந்நியன் கை பட்டா மிரளுமாம்.

இவர் சொன்ன உண்மையால ரோலண்ட் சொன்ன பொய் வெளிய வந்துச்சு. ஆபீசர்கள் அவனை வெச்சு வாட்டி எடுத்தாங்க, வழக்குப் போடுவோம்னாங்க, அப்புறம் போடல. ஆனா அவன் கரையில ஊரே அவனை ஒரு மாதிரியாப் பார்த்துச்சு. கோமாரிக் காலத்துல காதை வெட்டி ஆட்டை மறைச்சவன்னு. பப் மறுபடி திறந்தப்ப, முப்பது வருஷம் அவன் பக்கத்துல உக்காந்து பீர் குடிச்சவன்கூட எழுந்து வேற மேசைக்குப் போயிட்டான்.

ஒரே ஒரு தடவை போன் பண்ணினான். எல்வினைக் கேக்கல.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, நோரா. அந்தக் காதை வெட்டும்போது ஓவைன் என் கையை நக்குச்சுன்னு."

போனை வெச்சுட்டான்.

கொன்ன ஆடுங்களோட ரத்தப் பரிசோதனை முடிவு வர மே மாசம் ஆச்சு. ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு, குரலைக் கேட்டா சின்ன வயசு, போன்ல படிச்சுச் சொன்னா. ரோலண்ட் மந்தையில நோய் இல்ல. எங்க மந்தையில நோய் இல்ல. எதுலயும் இல்ல. "உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைக்கிறேன்"ன்னா. பாவம், அவளை என்ன சொல்றது? எல்வின்கிட்டச் சொன்னேன். "அப்ப நான் முட்டாள்தான்"னார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டார். அந்த வருஷம் குட்டி கத்துற சத்தமே இல்லாம வசந்தம் வந்து போச்சு.

நஷ்டஈடு வந்துச்சு. அதுல வேற ஜில்லாவுலேர்ந்து ஆடு வாங்கினோம். நல்ல ஆடுதான், கொழுத்த ஆடு. மலையில கொண்டு போய் விட்டா முழிக்குது. பனி பெய்யும்போது காத்து அடிக்கிற பக்கமாப் போய் நின்னு சாகுது. தண்ணியைத் தேடிக் கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, ரோலண்ட் வயல்ல போய் மேயுது. எல்வின் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மலையில நின்னு அதுங்களைத் திருப்பித் திருப்பி விட்டார். தாய் செய்ய வேண்டிய வேலையை அறுபது வயசு மனுஷன் செஞ்சா எப்படி? முழங்கால் போச்சு.

முந்தியெல்லாம் எப்பவாவது ஒண்ணு ரெண்டு வழி தவறி அந்தப் பக்கம் போனா, அந்த ஆட்டை ரோலண்ட் சும்மா அனுப்ப மாட்டான். "வேல்ஸ்ல புல் இல்ல, காப்பாத்துங்க"ன்னு முதுகுல சாயத்துல எழுதி அனுப்புவான். இவர் அவன் ஆட்டைப் புடிச்சா, "படிப்பு முடிஞ்சு திரும்புறேன்"னு எழுதி அனுப்புவார். இப்ப ரோலண்ட் எங்க ஆட்டை ஓடை வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்து, நாங்க வர்ற வரைக்கும் நின்னு, தலையை அசைச்சுட்டுப் போயிருவான். ஆடு சுத்தமா வரும். ஒரு சொட்டு சாயம் இருக்காது.

நாலு வருஷம் போச்சு. மறுபடியும் பிப்ரவரி, மறுபடியும் கார்டிஃப்ல மேட்ச். கடைசி நிமிஷத்துல வேல்ஸ் ஜெயிச்சுருச்சு! இங்கிலாந்தை இங்க ஜெயிச்சு எத்தனையோ வருஷமாச்சு. பள்ளத்தாக்கு முழுக்கக் கார் ஹாரன், பாட்டு. டிவியில ஒரு ஸ்டேடியமே அழுது. எல்வின் நாற்காலியில உக்காந்தபடி பார்த்தார். தேசிய கீதம் பாடும்போது வாய் முதல் வரிக்கு மட்டும் அசைஞ்சுது. எழுந்துபோய் டிவியை அணைச்சார்.

எனக்குள்ள மட்டும் ஏதோ துடிச்சுது. கொல்லைக் கொட்டகைக்குப் போய் பழைய சாய டப்பாவைத் தேடி எடுத்தேன். மூடி இறுகிப்போய்க் கிடந்துச்சு, கரண்டியால நெம்பித் திறந்தேன். அடியில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. தோத்தது ரோலண்ட். வழக்கப்படி அவன்தான் கிடாவைக் கொண்டு வரணும். வருவானா? கிடாவோட வந்தா எல்லாம் சரியாயிரும்னு பைத்தியக்காரி மாதிரி நம்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டுற சத்தம். ரோலண்ட்தான். முடியெல்லாம் நரைச்சிருக்கு. அவனுக்குப் பின்னால வண்டியில ஆடு கத்துது. எட்டிப் பார்த்தேன். எங்க ஆடுதான், வழி தவறிப்போன பெட்டைங்க.

"இதுங்க நேத்து ராத்திரி என் வயலுக்கு வந்துருச்சு"ன்னான். தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு எல்வினைப் பார்த்தான். "நேத்து மேட்ச் பார்த்தேன். வாழ்த்துகள். உங்க ஆளுங்க நல்லா விளையாடினாங்க."

"நன்றி"ன்னார் எல்வின். "உள்ள வாங்க. டீ சாப்பிடுங்க."

வாங்கவா! முப்பது வருஷம் வாடா போடான்னு கட்டிப் புரண்டவனைப் பார்த்து வாங்கன்னு சொல்றார். மச்சான் இல்ல, மாப்ளே இல்ல. உள்ள வந்து அவன் எப்பவும் உக்கார்ற நாற்காலியில நுனியில உக்காந்தான். டீ குடுத்தேன். "நல்லா இருக்கு"ன்னான். யாரோட தண்ணின்னு ஒருத்தரும் கேக்கல. என்னால தாங்க முடியல.

"டேய், யாராவது ஒருத்தன் ஒருத்தனைத் திட்டுங்கடா!"ன்னு கத்திட்டேன். "நாசமாப் போறவனுங்களா, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை திட்டுங்கடா!"

ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தப்புப் பண்ணின பிள்ளைங்க மாதிரி. ரோலண்ட் டீயை முழுசாக் குடிச்சான், மரியாதைக்கு. எழுந்து தொப்பியைப் போட்டுக்கிட்டான். வாசல்ல நின்னு மலையைப் பார்த்தான். மேகம் கருத்துக்கிட்டு வந்துச்சு.

"வரேன் நோரா. மழை வரும் போல இருக்கு"ன்னான்.

நான் எல்வினைப் பார்த்தேன். மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். அவர் உதடு லேசா அசைஞ்சுது. மலையைப் பார்த்தார், வண்டியில நிக்கிற ஆட்டைப் பார்த்தார்.

"ஆமாங்க, வரும்"னார்.